தீ வைக்கலாமா, கூடாதா? ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலரிடம் கேள்வி பதில்

வணக்கம். தீயணைப்புத் துறையில் 31 வருடம் வேலை பார்த்தவன். பாதிக்கு மேல் தேனி, கோவை மாவட்டங்களில். திறந்தவெளியில் வைக்கும் தீயைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேஸ் சிலிண்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேறு நாள்.

மடிப்பாக்கம்: சார், வீட்டைச் சுற்றி மாமரம், பாதாம் மரம். தினமும் ஒரு கூடை சருகு விழுகிறது. காம்பவுண்டுக்குள் ஓரமாகக் கொளுத்தினால் தப்பா? என் சொந்த இடம்தான்.

தப்புதான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே, தோட்டக் கழிவை வீட்டுக்குள் தனியாகச் சேர்த்து உள்ளாட்சி சொல்கிறபடி அகற்ற வேண்டும் என்று வந்துவிட்டது. அதே வருடம் டிசம்பர் 22ஆம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடை செய்தது. சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000. சொந்த இடம் என்பதால் புகை மதில் தாண்டாமல் நின்றுவிடாது. சருகை ஒரு மூலையில் குவித்து, கொஞ்சம் சாணிக் கரைசல் தெளித்து, நனைத்து வையுங்கள். மாமர இலை மட்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

கோத்தகிரி: ஆன்லைனில் இரும்புத் தீச்சட்டி ஒன்று வாங்கினோம். மார்கழிக் குளிரில் முற்றத்தில் விறகு மூட்டி உட்கார ஆசை. இதுவும் 5,000 ரூபாயா?

நல்ல கேள்வி. இல்லை. சட்டம் குப்பையையும் எரிபொருளையும் வேறாகத்தான் பார்க்கிறது. 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்திலேயே ‘எரிபொருள் அல்லாத பொருளை’ எரிப்பதைத்தான் அரசு தடை செய்யலாம் என்று வருகிறது. காய்ந்த விறகு எரிபொருள். ஆனால் அதே சட்டியில் பிஸ்கட் கவரையும் பழைய செருப்பையும் போட்ட நிமிடத்தில் அது குப்பை எரிப்பு.

உங்களுக்குப் பொருந்துவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவு. தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வனத்தை ஒட்டிய இடமென்றால் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்காமல் மூட்டாதீர்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதை 1882ஆம் ஆண்டு வனச் சட்டமே குற்றம் என்கிறது.

சட்டியை மரக்கிளைக்கு அடியில் வைக்காதீர்கள். சுற்றிக் கல் அடுக்குவதானால் ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம். உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும். ஒருவர் கன்னத்தில் சில்லு பாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். முடிந்ததும் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலுக்கு மேலே புறங்கையைக் காட்டுங்கள். சூடு தெரிந்தால் தீ இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலே வெள்ளையாக அடங்கிக் கிடக்கும், அடியில் கங்கு மறுநாள் வரை இருக்கும். இந்தப் புறங்கை விஷயத்தை இன்று நாலு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபி: ஐயா, மூன்று ஏக்கர் கரும்பு. வெட்டு முடிந்ததும் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, எரித்துவிட்டுத்தான் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு விடுவோம். இதற்கும் தடையா?

பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களுக்கு 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் தனியாகத் தடை போட்டது. அது அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் வைக்கோல் தாளின் கதை. உங்களுக்கு என் கவலை சட்டத்தைவிடப் பக்கத்து வரப்பு. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு முறை போனோம். காலை பதினொன்றுக்கு வைத்த தீ, காற்று திரும்பி அடுத்தவர் தோட்டத்துக்குள் போய்விட்டது. சொட்டுநீர்க் குழாய் முழுக்க உருகி, கறுப்புப் பாம்பு செத்துக் கிடக்கிற மாதிரி வரிசை வரிசையாகக் கிடந்தது. இருவரும் மாமன் மச்சான். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

எரித்தால் சோகையில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பரப்பி மூடாக்காக விட்டால் ஈரம் நிற்கும், களை குறையும், இளங்குருத்துப் புழுவும் குறையும்.

சத்தியமங்கலம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூடாக்கு போடச் சொல்வது சுலபம். கரும்பு வரிசைக்கு நடுவே இருக்கும் பாரில் தண்ணீர் ஓடாது, சோகை அடைத்துக்கொள்ளும். எலி வரும். எங்கள் மண்ணில் கரையானும் ஏறும். வெட்டு ஆளுக்குக் கொடுத்ததே கையைக் கடிக்கிறது, சோகை வாரத் தனி ஆளா?

கரையான் மண்ணில் மூடாக்கு ஆகாது, சரி. தண்ணீர் அடைப்பதும் உண்மை. அதனால்தான் ஒரு பார் விட்டு ஒரு பாரில் ஒதுக்கச் சொல்வார்கள். காலிப் பாரில் தண்ணீர் ஓடும்.

கோபி: அவர் சொல்வதுதான் ஐயா நிஜம். டிராக்டரில் மாட்டித் தூளாக்கும் மெஷின் இருக்கிறது, வெட்டுக் காலத்தில் வாடகைக்குக் கிடைப்பதில்லை.

புரிகிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து எடுத்தால் கட்டுபடியாகும் என்று சொல்லலாம்; சொல்கிறவனுக்கு நிலம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். இதற்குத் திரும்ப வருகிறேன்.

தாம்பரம்: போகிக்கு டயர் கொளுத்தக் கூடாது என்கிறார்கள். பாய், பழைய துணி மட்டும் கொஞ்சம்?

தை பிறப்பதற்கு முந்தைய அதிகாலையில் காற்று அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து மூடி போட்ட பானை மாதிரி இருக்கும், புகை மேலே போகாது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் திருப்பிவிட வேண்டி வந்தது. எல்லோரும் ‘கொஞ்சம்’தான் கொளுத்தினார்கள். பழைய துணியைத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

சிவகாசி: தீபாவளிப் பட்டாசு நேரம்?

காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. 2018இலிருந்து தமிழக அரசு சொல்லும் நேரம் அதுதான். மேலே கேட்க வேண்டியது காவல் நிலையத்தில்.

நாமக்கல்: சொந்தக் காட்டில் குப்பையை எரிக்கலாமா சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

விழுப்புரம்: எங்கள் தெருவில் குப்பை அள்ள வருபவர்களே குவித்துக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். அப்பாவுக்கு ஆஸ்துமா.

தடை அவர்களுக்கும் சேர்த்துத்தான். நேரம் தெரியும்படி படம் எடுத்து, உள்ளாட்சி சுகாதார ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அப்புறம் முதல்வர் உதவி மைய எண் 1100. தீ எரிந்துகொண்டிருக்கும்போது மட்டும் 101 அல்லது 112. கொளுத்துகிற தொழிலாளியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டி வராததால்தான் அவர் அதைச் செய்கிறார். கேட்க வேண்டியது வண்டி அனுப்பாதவரை.

கொடைக்கானல் போகிறவர்: டென்ட் போட்டு கேம்ப்ஃபயர். கைடு ‘பர்மிஷன் இருக்கு’ என்கிறார்.

காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீ. மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும். ஆள் ஓடும் வேகம் போதாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை மலையில் தீ மூட்டும் ஆசையே வேண்டாம். மற்ற மாதத்தில் விடுதிக்குள் மூட்டினால், படுக்கப் போகுமுன் புறங்கை.

ஓசூர்: ஈர விறகு பிடிக்கவில்லை. கொஞ்சம் பெட்ரோல்…

கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி உங்கள் காலடி வரை வந்திருக்கும். தீக்குச்சி உரசும்போது பற்றுவது விறகு அல்ல, நீங்கள்.

கரூர்: எங்கள் ஊர் ஊராட்சி. சொந்த இடத்தில்…

முதல் பதில். முதல் பதில். முதல் பதில்.

திண்டுக்கல்: தேங்காய் மட்டைக் குவியலில் தீ. தண்ணீர் ஊற்றி அணைத்தாயிற்று, மறுநாளும் புகைகிறது.

மட்டைக்குள் நெருப்பு ஊர்ந்துகொண்டே இருக்கும். மேலே ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். கடப்பாரையால் குவியலைப் பிரித்து, பரப்பி, பிறகு ஊற்றுங்கள். புறங்கை.

கோபி: ஐயா, நாளைக் கழித்து வெட்டு முடிகிறது. நீங்கள் வேண்டாம் என்றாலும் எரிக்கத்தான் போகிறோம். எப்படி என்றாவது சொல்லுங்கள்.

சரி. இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நான்கு பக்கமும் பத்தடி அகலத்துக்குச் சோகையை வாரி உள்ளே தள்ளி, அந்தப் பட்டையை உழுது விடுங்கள். மின்கம்பிக்கு அடியிலும் தென்னை ஓரத்திலும் இதைவிட அதிகமாக ஒதுக்குங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு முந்தின நாளே சொல்லுங்கள். காலையில் பனி காய்ந்ததும், உச்சிக்கு முன்னால் முடிய வேண்டும். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாருங்கள். நேராக விழாமல் பறந்தால் அன்றைக்கு வேண்டாம். லேசாகச் சாய்ந்தால், அது சாயும் பக்கத்து ஓரத்தில் வையுங்கள். தீ காற்றை எதிர்த்து மெதுவாக, தாழ்வாக நகரும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் அது உங்களுக்கு முன்னால் ஓடும்.

மோட்டார் ஓடவேண்டும், கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். இன்னொன்று: கரும்பு ஏற்றிய டிராக்டரை வண்டிப் பாதையில் நிறுத்தாதீர்கள். எங்கள் வண்டி வந்தால் நுழைய வழி வேண்டும்.