முதல்ல ஒரு காலி டைரக்டரி

அண்ணா வணக்கமுங்க,
லினக்ஸ்ல சோர்ஸ் கோடு எறக்கி நானே கம்பைல் பண்றவன். சுருக்கிக் கட்டுன ஃபைலு ஜிஇசட், பிஇசட்2, எக்ஸ்இசட், ஜிப்புன்னு ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வருது, எதுக்கு என்ன ஆப்ஷன்னு மறந்து போயிருதுங்க. அதுக்கோசரம் எக்ஸ்டென்ஷனப் பாத்துப் பிரிக்கற ஷெல் ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதுனேன், எக்ஸ்டென்ஷனுக்கு ஒண்ணா எழுதுன கேஸ் மட்டுமே ஒரு பக்கம் நீளுது. இன்னும் என்ன சேக்கோணும்?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

தம்பி,
சேக்க வேண்டாம், பாதிய வெட்டியுடுங்க. ஃபைலுகள ஒண்ணாக் கட்டிப் பிரிக்கற கமாண்டு டார், 2004ல வந்த ஜிஎன்யூ டார் 1.15லருந்தே பிரிக்கறப்ப என்ன கம்ப்ரெஷன்னு அதுவே பாத்துக்குது, எக்ஸ்எஃப் போட்டு ஃபைல் பேரக் குடுத்தாப் போதும், பிஇசட்2க்கு சின்ன ஜேவா, எக்ஸ்இசட்டுக்குப் பெரிய ஜேவாங்கற அக்கப்போரே இல்ல. வேற கமாண்டுலருந்து பைப்ல ஊத்துனா மட்டும் அதுக்குத் தெரியாது, அப்ப ஆப்ஷன் குடுத்துத்தான் ஆகோணும். ஜிப்புக்கு அன்ஜிப். ஆக ரெண்டே கேஸு.

ஸ்கிரிப்ட் செய்யவேண்டிய வேலை வேறயிங்க. சில மகராசனுங்க மேல ஒரு ஃபோல்டரே இல்லாம டார் கட்டி அனுப்பீருவாங்க, டார்பாம்னு சொல்றது அதைத்தான். ஹோம்ல நின்னு பிரிச்சீங்கன்னா ஈரோட்டு மண்டியில மஞ்ச மூட்டை கிழிஞ்ச கணக்கா அத்தனையும் அங்கயே கொட்டிரும், அதுலயும் நீங்க முன்னால வெச்சிருந்த மேக்ஃபைல் மேலயே புதுசு ஏறி உக்காந்துக்கும், டார் ஒரு வார்த்தை கேக்காது.

அதனால தற்காலிக டைரக்டரி உண்டாக்கற எம்கேடெம்ப் கமாண்ட மைனஸ் டி போட்டு, நிக்கற எடத்துலயே ஒரு காலி டைரக்டரி உண்டாக்கி, பெரிய சி ஆப்ஷன்ல அதுக்குள்ள பிரிங்க (ஸ்லாஷ் டெம்ப்ல போட்டா அது வேற ஃபைல்சிஸ்டமா இருந்து நகத்தற கமாண்டு எம்வி அத்தனையும் காப்பி பண்ணீட்டு கெடக்கும்). உள்ள ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தா வெளிய நகத்திட்டுக் காலியானத அழிச்சிருங்க, இல்லீன்னா டெம்ப் டைரக்டரிக்கே ஆர்கைவ் பேர வெச்சிருங்க, ஆனா எம்கேடெம்ப் 700 பர்மிஷன்லதான், அதாவது உங்களுக்கு மட்டும் தொறக்கற மாதிரி, குடுக்கும், அதை மாத்தோணும். எண்ணறதுக்கு எல்எஸ் மைனஸ் பெரிய ஏ, புள்ளி வெச்ச ஃபைலும் கணக்குல வரோணுமில்ல. அதே பேருல பழைய ஃபோல்டர் இருந்தா எம்வி அதுக்குள்ள கொண்டுபோயி வெச்சிரும், முன்னாடியே செக் பண்ணி நிறுத்தீருங்க. ஸ்கிரிப்டுக்குக் குடுத்த ஃபைல் பேரு வர்ற டாலர் ஒண்ண டபுள் கோட்டுக்குள்ளதான் போடோணும், பேருல ஸ்பேஸ் வந்தா இல்லீன்னா ரெண்டு துண்டாயிரும்.

பிரிச்ச கையோட உள்ள போயி நிக்கோணும்னா ஸ்கிரிப்ட்ல சிடி போட்டு பிரயோசனமில்ல, அது தனி ஷெல்லுல ஓடி முடிஞ்சிரும். அதையே ஷெல் தொறக்கறப்ப படிக்கற பாஷ்ஆர்சி ஃபைல்ல ஃபங்ஷனா எழுதுங்க, அப்ப எக்ஸிட் இருக்கற எடத்துலயெல்லாம் ரிட்டர்ன் போடுங்க, இல்லீன்னா டெர்மினலே மூடிக்கும்.