நகைச்சுவை என்பதில் உள்ள ‘நகை’ எது?

நகைச்சுவை என்ற சொல்லில் இருக்கும் நகைக்கும் நகைக்கடையில் வாங்கும் நகைக்கும் தொடர்பு உண்டா, சிரிப்பு என்ற பொருளில் இச்சொல்லை இன்று எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால், வகுப்பில் நான் அடிக்கடி எதிர்கொண்ட கேள்வி இது.

தொடர்பு உண்டு. நகுதல் என்ற வினைக்குச் சிரித்தல், மலர்தல், ஒளிவிடுதல், இகழ்தல் எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. சிரிக்கும்போது இதழ் விரிந்து பல் வெண்மையாகத் தெரிவதால் பல்லுக்கும் நகை என்றே பெயர் வந்தது. மார்கழி விடியலில் கோயில்களில் பாடப்படும் திருவெம்பாவையின் 3ஆம் பாடல் ‘முத்தன்ன வெண்ணகையாய்’ என்று ஒரு பெண்ணை அழைக்கிறதே, அங்கே பேசப்படுவது அவள் கழுத்தில் கிடக்கும் முத்துமாலை அன்று. முத்துப் போன்ற பற்கள் தெரியும் அவளுடைய சிரிப்பு. ஒளிவிடுவது என்ற பொருளில் அணிகலனும் நகையாயிற்று என்று விளக்குவர். இன்று நகை என்று தனியாகச் சொன்னால் எல்லோருக்கும் பொன்தான் நினைவுக்கு வருகிறது. சிரிப்பு என்ற பழைய பொருள் புன்னகை, நகைச்சுவை, நகைப்பு, நகையாடுதல் போன்ற சொற்களுக்குள் இருந்து இன்றும் வழங்கி வருகிறது.

இச்சொற்களில் மிகுந்த கவனம் தேவைப்படுவது ‘நகைப்பு’ என்பதில்தான். எங்கள் பள்ளி ஆண்டு விழா ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் நன்றியுரை வாசித்தான். சிறப்பு விருந்தினர் அதற்குமுன் அரைமணி நேரம் பேசி அரங்கத்தையே சிரிக்க வைத்திருந்தார். ‘ஐயா அவர்களின் நகைப்புக்குரிய பேச்சு எங்களைப் பெரிதும் மகிழ்வித்தது’ என்று அவன் நிறுத்தி, தெளிவாக வாசித்தபோது, விருந்தினர் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலேயே திரும்ப வைத்தார். மாணவன் அவரை மனதாரப் பாராட்டியிருந்தான். அவர் காதில் விழுந்ததோ வேறு. நகைச்சுவையான பேச்சு என்றால் கேட்பவருக்குச் சுவை தரும் பேச்சு. நகைப்புக்குரிய பேச்சு என்றால் பிறர் எள்ளிச் சிரிக்கும் அளவுக்குத் தரம் தாழ்ந்த பேச்சு. அறிக்கைகளிலும் செய்திகளிலும் ‘அவருடைய குற்றச்சாட்டு நகைப்புக்குரியது’ என்று எழுதுவது இந்தப் பொருளில்தான். அந்த வேறுபாட்டை நான் வகுப்பில் முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஒரே சொல் பாராட்டாகவும் இகழ்ச்சியாகவும் நிற்பதற்குக் காரணம் நம் மரபிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு வகைகளில், நகையை முதலாவதாக வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை (அறிவின்மை), மடன் (கேட்டதை ஆராயாமல் நம்பிவிடுதல்) ஆகிய நான்கின் காரணமாகப் பிறக்கும் என்கிறது. எள்ளல் என்பது ஒருவரை இகழ்ந்து சிரிப்பது. மழலை பேசும் குழந்தை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பெருமையோடு நடந்து வரும்போது நமக்கு வரும் சிரிப்பு இளமை காரணமாக வருவது. அதில் இகழ்ச்சி துளியும் இல்லை. இந்த நான்கையும் ஒரே பெயரின் கீழ் வைத்த அந்த நுட்பத்தை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன். கேலி, கிண்டல், நையாண்டி என்று நாம் பேச்சில் வழங்குபவை பெரும்பாலும் எள்ளலின் பக்கம் நிற்பவை. நகை அவற்றையும் உள்ளடக்கிய பெரிய சொல்.

எள்ளலை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘எள்ளி நகையாடினார்கள்’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமிருக்காது. சொல்வது ஒன்றும் நடப்பது அதற்கு நேர்மாறாகவும் அமைவதைக் குறிக்க, ‘நகைமுரண்’ என்ற புதிய சொல்லும் இப்போது கட்டுரைகளில் நன்றாக வேரூன்றிவிட்டது. பேச்சுவழக்கில் நகு என்ற வினை மறைந்து ‘சிரி’ என்பதே நிற்கிறது. ஆயினும் அந்த வினையின் முழு வீச்சையும் அறிய விரும்பினால், திருக்குறளில் ‘நகும்’ என்று முடியும் இரண்டு குறள்களை அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். ‘இலமென்று அசைஇ இருப்பாரைக் காணின் நிலமென்னும் நல்லாள் நகும்’ என்பது 1040ஆம் குறள். ஒன்றும் இல்லையே என்று சோம்பிக் கிடப்பவனைக் கண்டு நிலம் இகழ்ந்து சிரிக்கிறது. ‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்’ என்பது 1094ஆம் குறள். காதலன் பார்க்கும்போது தரையைப் பார்க்கும் பெண், அவன் பாராதபோது அவனைப் பார்த்துத் தனக்குள் மெல்லச் சிரித்துக்கொள்கிறாள்.