குடத்துக்குள்ளிருந்து வரும் பாட்டு: கடிதமும் பதிலும்

அண்ணனுக்கு வணக்கம்.

நீங்கள் வீட்டிலேயே செய்த ஹாரன் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் இறங்கினேன். 8 இஞ்ச் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் (தாழ்ந்த தொனி முதல் உச்சம் வரை ஒன்றே பாடுகிற வகை), அதன் பின்பக்கக் காற்று மடித்த பாதை வழியாகச் சுற்றிவந்து முன்னால் திறக்கிற வகைப் பெட்டி. காலாண்டு விடுமுறை முழுக்க அதற்கே போனது. வரைபடத்தில் 15 மி.மீ. பலகை போட்டிருந்தது, கடையில் 18தான் இருந்தது, அதையே வாங்கி அதே அளவுகளுக்கு அறுத்துவிட்டேன். ஆணியும் ஃபெவிகாலும் வைத்து மூடியாகிவிட்டது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டால், பாடுகிறவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது. தவில் கேட்கிறது, ஆனால் நெஞ்சில் தட்டவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "தேக்குல செஞ்சிருக்கணும் சார், பிளைவுட்ல எங்க நாதம் வரும்" என்கிறார். நண்பர் ஒருவர், ஸ்பீக்கரை மாற்று, வெளிநாட்டு அயிட்டம் போடு என்கிறார். உடைத்துவிட்டு தேக்கில் ஆரம்பிக்கவா, ஸ்பீக்கரை மாற்றவா? இரண்டாவது பெட்டிக்கு வாங்கிய பலகை இன்னும் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது.

தங்கள் வாசகன்,
திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

உடைக்காதீர்கள். ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தை வங்கியிலேயே வைத்திருங்கள்.

முதலில் ஆசாரி சொன்னது. அவர் வீணையை நினைத்துச் சொல்கிறார், அந்த நினைப்பில் தப்பில்லை. வீணைக்குப் பலா மரம் தேடுவது மரமே சேர்ந்து அதிர வேண்டும் என்பதற்காக. ஸ்பீக்கர் பெட்டியில் மரம் அதிரவே கூடாது, அதிர வேண்டியது காகிதக் கூம்பும் காற்றும்தான். அகலமான தேக்குப் பலகை நம்மூர் சித்திரை வெயிலில் சுருங்கி ஐப்பசி மழையில் ஊதும், வருஷம் இரண்டு திரும்பினால் ஒட்டிய இடம் விட்டுப்போகும். பிளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் நெடுக்கே ஓடினால் அடுத்ததில் குறுக்கே ஓடும், அதனால் அது அசையாமல் கிடக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை கிடைத்தால் போதும். வாங்கும்போது விரல் முட்டியால் பலகை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், எங்காவது சத்தம் திடீரென்று பொத்தென்று மாறினால் அந்த இடத்தில் நடு அடுக்கில் பொந்து இருக்கிறது, அது பின்னால் கிறுகிறுவென்று இரையும்.

இப்போது ஹாரனுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் இரண்டு குறைகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டுக்குள் அடங்குகிற சீவாளியில் கிளம்பும் துடிப்பு நான்கு மாசி வீதிக்கும் கேட்கிறது என்றால், மேலே குறுகித் தொடங்கி, கீழே அகன்ற வாயான அணசில் விரிந்து முடிகிற அந்தக் குழல்தான் காரணம். குறுகிய இடத்தில் காற்றை அழுத்தமாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, வெளிக்காற்றிடம் சேதாரமில்லாமல் ஒப்படைக்கிறது. சாதாரணப் பெட்டியில் ஆம்ப்ளிஃபயர் தரும் சக்தியில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஒலியாகிறது, மீதியெல்லாம் ஸ்பீக்கரின் கம்பிச் சுருளான காயிலில் சூடாகப் போய்விடும். நல்ல ஹாரனில் 10 சதவீதத்தைத் தாண்டலாம். ஆம்ப்ளிஃபயர் வருவதற்கு முன்னால் கிராமபோன் ஒரு ஊசியையும் ஒரு மைக்காத் தகட்டையும் வைத்துக்கொண்டு கூடம் நிறையப் பாடியதும் இப்படித்தான்.

ஆனால் ஹாரனுக்கு ஒரு கறாரான நிபந்தனை உண்டு: அதன் வாய்ச் சுற்றளவு, அது பாட வேண்டிய அலையின் நீளத்துக்காவது இருக்க வேண்டும். திருவிழாவுக்கு மைக் செட்டுக்காரர் வேப்பமரத்தில் கட்டுகிற குழாயைப் பாருங்கள். வாய் சுமார் 40 செ.மீ. விட்டம், சுற்றளவு ஒன்றேகால் மீட்டர். நம்மூர் வெக்கையில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் போகிறது என்று வைத்தால், ஒன்றேகால் மீட்டர் அலைநீளம் என்பது விநாடிக்கு 280 துடிப்பு, அதாவது 280 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அந்தக் குழாய் சட்டென்று கைவிட்டுவிடும், அதனால்தான் பாட்டின் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும், தவிலில் அடித்தொனி தருகிற தொப்பிப் பக்கம் கேட்காது. இதே கணக்கில் 50 ஹெர்ட்ஸுக்கு வாய்ச் சுற்றளவு 7 மீட்டர், விட்டம் 2.2 மீட்டர் வேண்டும். நம் வீட்டு நிலைக்குள் நுழையாது.

இதற்கு வழி கண்டவர்களில் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1946இல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கிய அவர், பெட்டியை அறையின் மூலையில் வைத்துவிட்டால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஹாரனின் மீதிப் பகுதியாக வேலை செய்யும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்தார். மூலையில் வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கு இருந்தாலே ஒப்பேறிவிடும். உங்கள் பெட்டி டிவிக்குப் பக்கத்தில், நீள் சுவரின் நடுவே நிற்கிறது. தவில் நெஞ்சில் தட்டாததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கே மூலைக்குத் தள்ளுங்கள், வாய் சுவரிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகாமல். டிவி இடம் மாறினால் வீட்டில் பேச்சு வரும், ஒரு வாரம் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

மீதிப் பாதி, காற்றுக் கசிவு. இதில் நான் பட்டது கொஞ்சமில்லை. என் முதல் ஜோடியில் இடது பெட்டி நன்றாகத் தட்டும், வலது பெட்டி சவசவவென்று இருக்கும். ஸ்பீக்கரை இடம் மாற்றினேன், வயரை மாற்றினேன், மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டின் ஓரமாகவும் நகர்த்திக்கொண்டே போனேன். புகை நூல் பிடித்த மாதிரி நேராக ஏறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் அடிப்பலகை சேரும் இடத்துக்கு வந்ததும் அந்த நூல் நடுங்க ஆரம்பித்தது, ஒரு விரற்கடை தள்ளினால் மறுபடி நேராகிவிட்டது. குனிந்து பார்த்தால் பலகை லேசாக வளைந்திருக்கிறது. ஆணி அடித்த இடங்களில் இறுகியிருக்கிறது, இரண்டு ஆணிக்கு நடுவில் பசை மறுபக்கத்தைத் தொடவே இல்லை, ஒரு தாள் நுழைகிற இடைவெளி. உப்புத்தாள் தேய்த்த மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்தேன். மறுநாள் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி தட்டின. அந்தத் தாள் கன இடைவெளிக்கு அப்புறம்தான் ஆணியை விட்டுவிட்டு ஸ்க்ரூவுக்கும் கிளாம்புக்கும் மாறினேன்.

குடம் விஷயம் வேறு. ஸ்பீக்கரின் முன்பக்கக் குரல் நேராக உங்களிடம் வருகிறது. பின்பக்கக் குரல் உள்ளே சுற்றிக்கொண்டு வருகிறது. பாதை 2.4 மீட்டர் என்றால் 7 மில்லி விநாடி பிந்தி வரும். அடித்தொனிக்கு அது பெரிய பாதகமில்லை, பாடகரின் குரலும் அதே வழியில் தப்பி வந்தால்தான் குடம். அதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையும் அதிலிருந்து குறுகிய தொண்டையும் வைக்கிறார்கள். தொண்டை 150 சதுர செ.மீ., அறை 6 லிட்டர் என்றால் 140 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் அடங்க ஆரம்பிக்கும். அறை 4 லிட்டராகச் சுருங்கினால் அது 210க்கு ஏறிவிடும். நீங்கள் 18 மி.மீ. பலகையை 15க்குப் போட்ட அளவில் அறுத்தீர்கள் அல்லவா, அந்தக் கூடுதல் 3 மி.மீ. ஒவ்வொன்றும் உள்ளே போய் அறையையும் தொண்டையையும் கொஞ்சம் தின்றிருக்கும். அதற்காகக் கலங்க வேண்டாம், அது சின்னக் குற்றம். பெரிய குற்றம், அறை மொட்டையாக இருப்பது. உள்ளே எதையும் ஒட்டியதாக நீங்கள் எழுதவில்லை.

போடி பக்கத்து இலவம்பஞ்சு நம்மூரில் எளிதாகக் கிடைக்கும், தலையணை தைக்கிற கடையில் கேட்டாலே தருவார்கள். ஸ்பீக்கரைக் கழற்றினால் அந்த ஓட்டையில் கை தாராளமாக நுழையும். பழைய வேட்டித் துணியில் பஞ்சைத் தளர்வாகப் பரப்பி மெத்தை மாதிரி தைத்து, அறையின் பின்சுவரிலும் இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டுங்கள். தொண்டையை மட்டும் மூடிவிடாதீர்கள், அதை அடைத்தால் ஹாரனே போச்சு. பஞ்சைத் துணியில்லாமல் வைக்கவும் கூடாது, இழை பறந்து காயிலின் இடுக்கில் மாட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும். கை உள்ளே போகும்போதே அறையின் மூட்டுகளை விரலால் தடவி, சந்தேகமான இடத்தில் பசைக் குழையலை இழுத்துவிடுங்கள்.

சுவரில் சாய்ந்திருக்கும் பலகையை இப்போது அறுக்காதீர்கள். முதலில் வரைபடத்தை 18 மி.மீ.க்குத் திருப்பிப் போடுங்கள், உள்ளளவு மாறாமல் வெளியளவு மட்டும் வளருகிற மாதிரி. கையால் அறுக்கப் பார்க்காமல் பேனல் சா என்கிற பலகை அறுக்கும் மெஷின் வைத்திருக்கிற இடத்தில் கொடுத்து நேராக அறுத்து வாங்குங்கள், அறுப்புக்கூலி கொஞ்சம் ஆகும், ஆனால் ஜோடித் துண்டுகள் மயிரிழை பிசகாமல் வரும். சட்டம் கட்டும்போது இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று டேப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கப் பலகையை மட்டும் ஒட்டவே வேண்டாம். ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டி, நாலு விரற்கடைக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். உள்ளே நிற்கிற தடுப்புப் பலகைகளின் விளிம்பிலும் அந்த டேப் ஓட வேண்டும், இல்லாவிட்டால் காற்று மடிப்பைத் தாண்டிக் குறுக்கு வழியில் போய்விடும். பஞ்சைக் கூட்டிக் குறைத்து, கேட்டு, மனசு நிறைந்த பிறகு நிரந்தரமாக ஒட்டலாம். நான் அந்தப் பலகையை ஏழு தடவை கழற்றி மாட்டினேன், எட்டாவது தடவைதான் பசை வைத்தேன்.

முதல் பெட்டியை மூலையில் வைத்து, பஞ்சு போட்டு, ஊதுபத்திச் சோதனையும் முடித்த பிறகு தவிலைப் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள். திருத்திய வரைபடத்தையும் அனுப்புங்கள், தொண்டைக் கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுகிறேன். அதுவரை பலகையைச் சாய்த்து வைக்காமல் தரையில் படுக்கப் போட்டுவிடுங்கள், சாய்ந்தே நின்றால் வளைந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்