துவாஸுக்குப் போகிற தம்பிக்கு: அடிபட்டால் முதலில் என்ன சொல்வது?

திருமங்கலத்துத் தம்பி, கப்பலூர் சிட்கோவில் வெல்டராக இருப்பதாகவும், சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஷிப்யார்டு வேலை கிடைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், டார்மிட்டரியில் சமைக்க விடுவார்களா, ஊருக்குப் பணம் அனுப்ப எது நல்லது என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "வேலையில் அடிபட்டால் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமா, இல்லை அங்கே வக்கீல் வைக்கணுமா?"

முதல் மூன்றுக்கும் உங்கள் ரூமில் இருக்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் அங்கே ஒருத்தரும் நேராகப் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் பாதி தப்பாக இருக்கும். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2019-இல் புதிதாக எழுதி, 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் இங்கிலீஷ் பெயரைச் சுருக்கி ஆட்கள் 'விக்கா' என்பார்கள். தப்பு யார் பக்கம் என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. நீங்களே கொஞ்சம் அசந்திருந்தாலும், வேலை செய்யும்போது வேலையினால் பட்ட காயம் என்றால் காசு உண்டு. குடித்துவிட்டுப் பட்ட அடிக்கும், அடிதடியில் வாங்கியதற்கும் கிடையாது. கம்பெனி லாரியில் சைட்டுக்குப் போகிற வழியில் பட்டாலும் சேரும். உடலுழைப்பு வேலைக்காரர்களுக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும். இதில் கேஸ் போட வக்கீல் தேவையில்லை. விபத்து நடந்த ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அது தனிக் கொடுமை.

இவ்வளவு நல்ல சட்டம் இருக்கும்போது பிரச்சினை எங்கே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில்தான், தம்பி. அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் டாக்டரிடம் என்ன சொல்கிறீர்களோ அதுதான் எழுத்தில் ஏறும். பிறகு வருகிற இன்ஷூரன்ஸ்காரனும் மனிதவள அமைச்சு அதிகாரியும் அந்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நான் 2006-இல் போனவன். கொட்டாம்பட்டி பக்கம் ஊர். அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் திருச்சி போய்த்தான் பிளேன் ஏறுவோம். இப்போது மதுரையிலிருந்தே நேராகப் பறக்கிறார்கள், பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. போன புதிதில் ஒரு நாள் செயின் பிளாக்கில் பிளேட்டைத் தூக்கிக்கொண்டிருந்தோம். பிளேட் அசைந்து திரும்பியதில் என் இடது கை உறையோடு ஷேக்கிளுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உறையைக் கழற்ற முடியவில்லை, கத்தரித்து எடுத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கியிருந்தன. ஆம்புலன்ஸ் வரவில்லை. கம்பெனி வேனில் ஏற்றி, சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவரும் தமிழர்தான், சிவகங்கைப் பக்கம். வழி நெடுக ஒரே பாடம்: "டாக்டர் கேட்டா ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. கம்பெனி உன்னைப் பாத்துக்கும். சைட்டுன்னு சொன்னே, பெர்மிட்டைக் கட் பண்ணி அனுப்பிருவாங்க."

ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊரில் ஏஜெண்ட் கடன் அப்படியே இருக்கிறது. ஆனால் என் ரூமில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார், வயதானவர். நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே, எது நடந்தாலும் கவுண்டரில் 'சைட்' என்ற வார்த்தையைச் சொல்லிவிடு என்று காதில் ஓதி வைத்திருந்தார். அங்கே இருந்த நர்ஸுக்குத் தமிழ் தெரியும். எப்படிப் பட்டது என்று கேட்டார். "சைட்ல, பிளேட் தூக்கும்போது" என்றேன். சூப்பர்வைசர் முகம் போன போக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்குச் சொன்னதால்தான் எனக்கு ஆபரேஷன் செலவும் லீவுச் சம்பளமும், கடைசியில் விரல் மடங்காததற்கு ஒரு தொகையும் வந்தது. ஏஜெண்ட் கடன் அதில்தான் அடைந்தது. அதே யார்டில் முதுகில் அடிபட்ட இன்னொரு பையன் 'ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிட்டு, பிறகு மாற்றிச் சொல்ல முடியாமல் அல்லாடினான்.

அந்தக் காலத்தில் மூன்று நாளுக்கு மேல் எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தருகிற மெடிக்கல் லீவு, கொடுத்தால்தான் கம்பெனி அமைச்சுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதனால் கம்பெனிக்கு வேண்டிய கிளினிக்கில் இரண்டு நாள் எம்சி, அதற்கப்புறம் லைட் டூட்டி என்று எழுதி வாங்கிவிடுவார்கள். கட்டுப்போட்ட கையோடு ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் எண்ணிக்கொண்டிருப்போம். 2020 செப்டம்பரிலிருந்து அந்த விளையாட்டு செல்லாது. ஒரு நாள் எம்சியோ, லைட் டூட்டியோ, எதுவாக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அப்படியும் சில கம்பெனிகள் "சின்ன அடிதானே, ரூமில் படுத்துக்கோ" என்கின்றன. படுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் போங்கள், எம்சி தாளை போனில் படம் எடுத்து ஊருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். அடிபட்ட இடம், நேரம், பக்கத்தில் நின்றவர் பெயர், அவர் நம்பர், இவ்வளவும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பங்களாதேஷ் தம்பிகள் இதில் நம்மைவிடக் கெட்டி. நம் ஆட்கள்தான் 'அண்ணன் பார்த்துக்குவாரு' என்று விட்டுவிடுவார்கள்.

காசு எவ்வளவு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநோயாளி எம்சி என்றால் 14 நாள் வரை முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி லீவு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருஷம் வரைக்கும். வைத்தியச் செலவுக்கு உச்ச வரம்பு 45,000 வெள்ளியாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 53,000. நிரந்தர ஊனம் என்றால் டாக்டர் ஒரு சதவீதம் போடுவார். அதை உங்கள் சராசரி மாத வருமானத்தோடும் வயதுக்கான ஒரு எண்ணோடும் பெருக்குவார்கள். 40 வயது வரைக்கும் அந்த எண் 181.

இங்கேதான் பே ஸ்லிப் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி மட்டும் கணக்கில் காட்டியிருந்தால், 10 சதவீத ஊனத்துக்கு 14,480 வெள்ளி வரும். ஓவர்டைம் எல்லாம் சேர்த்து 1,400 வெள்ளி என்று தாளில் இருந்தால் அதே விரலுக்கு 25,340. ஓவர்டைமைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்லிப்பில் காட்டாத முதலாளி உங்கள் விரலிலும் கை வைக்கிறான் என்று அர்த்தம். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான பே ஸ்லிப் கொடுப்பது கட்டாயம். கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் வேலை செய்த மணிக்கணக்கை நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள். புரியாத தாளிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

அடுத்து வக்கீல் விஷயம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில், கையில் கட்டோடு நடந்தால் போதும், ஒரு ஆள் வந்து தோளில் கை போடுவார். மதுரையா, நானும் மேலூர்தான் என்பார். டீ வாங்கித் தருவார். "விக்காவில் கிடைக்கிறது பிச்சைக் காசு, கோர்ட்டுக்குப் போனால் லட்சம் வெள்ளி" என்பார். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். கோர்ட்டுக்குப் போகிற வழி உண்மையாகவே இருக்கிறது, மூன்று வருஷம் வரை நேரமும் உண்டு. ஆனால் விக்கா, கோர்ட் இரண்டிலும் சேர்த்துக் காசு வாங்க முடியாது, ஒன்றில்தான் வாங்கலாம். கோர்ட்டில் முதலாளி தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும். தோற்றால் கை விரித்துக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். முதுகெலும்பு போனது, கண் போனது மாதிரிப் பெரிய காயத்தில், முதலாளி பக்கம் தப்பு பளிச்சென்று தெரிந்தால் அந்த வழியில் அதிகம் கிடைக்கலாம். அதை முடிவு செய்வதற்கு முன்னால் காசு வாங்காத ஆட்களிடம் கேளுங்கள். மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர் இருக்கிறது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற டிடபிள்யூசி 2, ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. டிடபிள்யூசி 2 லிட்டில் இந்தியாவில் 2008-லிருந்து கஃப் ரோடு திட்டம் என்று கேஸ் முடியாமல் காத்திருக்கிறவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே சாப்பிட்டவர்களில் பலர் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்ள வெட்கம். எனக்கு அந்த வெட்கம் புரிந்ததே இல்லை.

காத்திருப்பதுதான் கஷ்டம். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால் அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு தங்கலாம், நினைத்தபடி வேலைக்குப் போக முடியாது. காயம் ஆறி டாக்டர் சதவீதம் போடுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் பலர் போனையே எடுக்காமல் இருப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து முதலாளி "டிக்கெட் போட்டாச்சு, ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு" என்பான். சாங்கி ஏர்போர்ட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால்கூடப் பதற வேண்டாம். குடிநுழைவுக் கவுண்டரில் இருக்கிற அதிகாரியிடம், எனக்கு வேலையில் காயம், கேஸ் முடியவில்லை, போக விருப்பமில்லை என்று சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம், ஆள் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அந்த ஊர்ச் சட்டம்தான்.

கேஸ் போட்டால் பிளாக்லிஸ்ட் என்று உங்கள் ரூமிலும் ஒருவர் சொல்லுவார். நான் கேஸ் போட்டவன். அந்தக் கம்பெனி என்னை அனுப்பியது. கொட்டாம்பட்டியில் கொஞ்ச காலம் மாடு மேய்த்தேன், திரும்ப வேறு கம்பெனியில் வந்தேன். ராத்திரி வகுப்புக்குப் போய் சேஃப்டி கோர்ஸ் படித்தேன், பெர்மிட்டுக்கு மேல்படியான எஸ் பாஸ், பிறகு நிரந்தரவாசத்துக்கான பிஆர், இப்போது ஜூரோங் வெஸ்ட்டில் அரசு அடுக்குமாடியான வீவக வீடு. மடங்காத இரண்டு விரலோடுதான் தினமும் விபத்து அறிக்கை டைப் அடிக்கிறேன். காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடியில் இருந்துகொண்டு "சிங்கப்பூரில் எல்லாம் சட்டப்படிதானே நடக்கும்" என்று சொல்கிற ஐடிக்காரர்களை ஒரு நாள் யார்டுக்குக் கூட்டிப்போக எனக்கு ரொம்ப ஆசை. அவர்களையாவது விட்டுவிடலாம், தெரியாது. நேற்று வரை நம்மோடு லாரியில் வந்து, இன்று சூப்பர்வைசர் ஆனதும் வேனில் பாடம் நடத்துகிற நம் ஆட்களை என்ன சொல்ல?

ஊரிலேயே இருந்தால் நிம்மதி என்று நினைத்துவிடவும் வேண்டாம். என் சித்தப்பா மகன் ஒருவனுக்கு உங்கள் கப்பலூரிலேயே பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் போனது. முதலாளி வைத்தியச் செலவைக் கட்டினார், கையில் கொஞ்சம் ரூபாய் வைத்தார், 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். ஊரே அவரைத் தங்கமான மனிதர் என்றது. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்திலேயே அப்படி உரிமையை எழுதி வாங்குவது செல்லாது என்று இருக்கிறது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவனுக்கு இஎஸ்ஐ இருந்திருக்க வேண்டும், தத்தனேரியில் ஆஸ்பத்திரியே இருக்கிறது. தொழிலாளி என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987-லேயே சட்டம் இருக்கிறது. மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100-க்கு போன் போட்டாலும் சொல்வார்கள். போ போ என்று நான் அங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். "முதலாளி மூஞ்சியில எப்படிண்ணே முழிக்கிறது" என்றே, இழப்பீடு கேட்க இருந்த இரண்டு வருஷக் கெடுவைக் கடத்தினான். அந்த 1923 சட்டம் 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, உங்கள் பட்டறை நண்பர்களிடம் அதையும் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெர்மிட்டுக்கு முதல் ஒப்புதல் கொடுத்து அமைச்சு அனுப்புகிற ஐபிஏ கடிதம் தமிழிலும் வரும். ஏஜெண்ட் இங்கிலீஷ் தாளை மட்டும் காட்டியிருந்தால் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு ஜெராக்ஸ் வைத்துவிட்டுப் போங்கள். அடிப்படைச் சம்பளம் என்று அதில் என்ன போட்டிருக்கிறது, ஏஜெண்ட் வாயால் சொன்னது என்ன, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் பிளேன் ஏறுவதற்கு முன்னாலேயே பேசிவிடலாம்.