வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வீட்டில் 12 வயது நாட்டுநாய், பெட்டை, 15 கிலோ. கடைசி மடியில் எலுமிச்சை அளவுக்கு வந்த கட்டி இப்போது உடைந்து நீர் வடிகிறது. எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரலுக்கும் பரவியிருக்கிறது. இனி அறுத்துக் குணப்படுத்த முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் ஊற்றும் மருந்து ஒன்று எழுதிக்கொடுத்தார். அவள் கத்துவதில்லை, முனகுவதுகூட இல்லை. அதனால் மருந்தைத் தினமும் கொடுப்பதில்லை. அப்பா புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுகிறார். ஊசி போட்டு முடிப்பது பாவம் என்கிறார் அம்மா. என்னதான் செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கத்தவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காலை மிதித்துவிட்டால் நாய் கத்தும். மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும் வலிக்குக் கத்தாது. இடம் மாற்றி மாற்றிப் படுக்கும், ராத்திரி எழுந்து சுற்றும், வெயில் தாழ்ந்த பிறகும் இரைக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவந்த நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். வயிற்றுப் பக்கம் கை போனால் உடம்பை இறுக்கும். "வயசாயிடுச்சு, அதான்" என்று நாம் ஒதுக்குவதில் பாதி வலிதான்.

ஊற்றும் மருந்து பெரும்பாலும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தாக இருக்கும். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., மறுநாளிலிருந்து 0.1 மி.கி. என்பது வழக்கமான அளவு. ஒரு மில்லியில் 1.5 மி.கி. உள்ள மருந்தென்றால் 15 கிலோவுக்குத் தினம் ஒரு மில்லி. பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். விட்டுவிட்டுக் கொடுத்தால் பலனில்லை. தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு. மருந்து தீர்ந்துவிட்டதே என்று கடையில் மனிதருக்கான மெலாக்சிகாம் வாங்கிவிடாதீர்கள். அந்தச் சின்ன மாத்திரையே 7.5 மி.கி.; இவளுக்கு அது ஐந்து நாள் அளவு. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதுவும் வீட்டு டப்பாவிலிருந்து வரக்கூடாது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகமோ ஈரலோ போகும். வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வேறு யாராவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதினால், மெலாக்சிகாம் கொடுத்து வருவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேரக்கூடாது.

இது போதவில்லை என்றால் காபாபென்டின் என்ற நரம்புவலி மருந்தைச் சேர்ப்பார்கள். முதல் சில நாள் தள்ளாடுவாள், பயப்பட வேண்டாம். ஆனால் வேறெதுவும் கலக்காத காபாபென்டின்தானா என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள், நம் கடைகளில் கலவை மாத்திரைகள்தான் அதிகம். சிரப்பாக வாங்காதீர்கள். மனிதருக்கான சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம்.

புண்ணுக்கு வருகிறேன். மஞ்சள் மேல் எனக்குக் கோபமில்லை, குழம்பில் இருக்கட்டும். புண்ணில் அது காய்ந்து பொருக்காகும், அடியில் சீழ் தங்கும், பூசியதை அவள் நக்கி வயிற்றுக்குள் அனுப்புவாள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டு வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துக் காலையும் மாலையும் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவி, காஸ் துணியால் ஒற்றியெடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பாரஃபின் தடவிய காஸ், அதற்குமேல் சாதாரண காஸ். மருந்துக்கடையில் இரண்டுமே கிடைக்கும். பிரிக்கும்போது ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அதே உப்புத்தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். ரத்தம் வந்தால் துணியை வைத்து ஐந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். மேலே ஒரு பழைய காட்டன் பனியன்: முன்னங்கால்கள் கைத்துளை வழியாக, அடிப்பக்கத்தை முதுகில் முடிச்சுப் போட்டால் நக்கவும் முடியாது, ஈயும் உட்காராது.

ஈதான் பெரிய எதிரி. அதன் முட்டை, ரவை ஒட்டியதுபோல முடியோரத்தில் வெள்ளையாகத் தெரியும். ஒரே நாளில் புழுவாகும். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து வைத்தால் சீக்கிரம் கண்ணில் படும். புழு வைத்துவிட்டால் டர்பன்டைனும் பினாயிலும் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"அறுத்துக் குணப்படுத்த முடியாது" என்பதையும் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகும், நாறும் புண் மட்டும் போனால் மிச்ச நாள் நிம்மதியாக இருக்கும் என்று அந்தக் கட்டியை மட்டும் எடுப்பதுண்டு. மயக்கமருந்தை அவள் தாங்குவாளா என்பதே கேள்வி. புதுச்சேரி குரும்பாப்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாவது கருத்து கேட்கலாம். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனைத் தாளும் கையோடு இருக்கட்டும்.

சாப்பாடு: படுத்தே கிடக்கும் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 530 கலோரி போகவேண்டும். வடித்த சோறு 200 கிராம், எலும்பில்லாத வெந்த கோழி 100 கிராம், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. நாலு வேளையாகப் பிரித்து, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். வாசனை எழுந்தால்தான் பசி எழும். மாத்திரையை இட்லித் துண்டில் பொதிந்தால் பெரும்பாலும் தெரியாமல் விழுங்கும். டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கும், படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை சாக்கு விரித்துவிடுங்கள்.

இனி எண்ணவேண்டியது மூச்சு. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருக்கவேண்டும். தொடர்ந்து அதற்குமேல் போனால் டாக்டருக்குச் சொல்லுங்கள். முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி, படுக்கமுடியாமல் உட்கார்ந்தே இருந்தாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ உடனே கிளம்புங்கள். மூச்சு எண்ணிக்கை, சாப்பிட்டாளா, தானாக எழுந்தாளா, ராத்திரி தூங்கினாளா, இந்த நாலையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் குறித்துக் கிழித்தவற்றைச் சேர்த்து வையுங்கள். ஞாபகத்தை நம்பினால் நேற்று வாலாட்டியது மட்டும்தான் நிற்கும். ஒரு வாரத் தாளில் மோசமான நாள் நாலைத் தாண்டினால் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது.

அம்மாவோடு நான் வாதாடவில்லை. ஆனால் நுரையீரலில் பரவிய நோய் தூக்கத்தில் முடியும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. மூச்சுத் திணறியே முடியலாம். நடுராத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு திறந்திருக்கும் ஆஸ்பத்திரி தேடுவதைவிட, நீங்களே தேர்ந்த ஒரு காலைப்பொழுது மேல் என்பது என் கட்சி. முதலில் மயக்க ஊசி கேளுங்கள். அவள் அயர்ந்தபின் முன்னங்கால் நரம்பில் மயக்கமருந்தையே மிக அதிக அளவில் ஏற்றுவார்கள், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. பிறகு ஒன்றிரண்டு முறை பெருமூச்சு போல வரலாம், சிறுநீர் போகலாம். உயிர் போனபின் நடப்பவை இவை என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். புதைப்பதானால் நாலடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். உடம்பில் மருந்து இருக்கும், தெருநாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். கடலோர மணலில் மழைக்காலத்தில் அந்த ஆழத்துக்குள் தண்ணீர் ஊறிவிடும். தோட்டத்தில் மேடான இடம் எது என்று அப்பாவை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.