மின்சாரம் வருவதற்கு முன் கிராமத்து வீடுகளில் இரவு வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள்?

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதுவரை எல்லாமே மண்ணெண்ணெய்தான். பெரியவர்கள் சீமெண்ணெய் என்பார்கள். அடுப்படியில் கண்ணாடி இல்லாத சின்னத் தகர விளக்கு. அதன் பக்கத்தில் வெகுநேரம் இருந்துவிட்டால் காலையில் மூக்கைச் சிந்தும்போது கரி வரும். மற்ற இடங்களுக்கெல்லாம் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு.

அரிக்கேன் துடைப்பது என் பொறுப்பு. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். துணியில் சாம்பலைத் தொட்டு கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்தால் முந்தின நாள் கரி கழன்று வந்துவிடும். பெரியவர்கள் கை உள்ளே நுழையாது, அதனால் அது பிள்ளைகள் வேலை. அப்புறம் திரி. கருகின நுனியைக் கத்தரியால் நேராக வெட்ட வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் சுடரும் அந்தப் பக்கமே நாக்கை நீட்டும், கண்ணாடியில் அந்த இடம் கறுத்துப்போகும். ஒருநாள் அவசரத்தில் ஈரம் காயாமல் மாட்டிவிட்டேன். சூடேறியதும் மேலிருந்து கீழ்வரை விரிசல். புதுக் கண்ணாடி வரும்வரை நாலு நாள் தகர விளக்கில் படித்தேன், கண்ணெல்லாம் எரிச்சல்.

வெளிச்சம் போதவில்லையென்றால் திரியை ஏற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. சுடருக்குள் பழுக்கக் காயும் நுண்ணிய கரித்தூள்தான் அந்த மஞ்சள் வெளிச்சத்தையே தருகிறது. அது முழுக்க எரிந்து தீர காற்று வேண்டும். திரி அதிகமானால் காற்று பற்றாது, மிச்சக் கரி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி காற்றைத் தடுப்பதற்கு மட்டும் இல்லை. உள்ளே சூடான காற்று மேலே ஏற ஏற, கீழிருந்து புதுக்காற்றை இழுத்துக் கொடுப்பதும் அதுதான். அரிக்கேனின் இரண்டு பக்கமும் இறங்கும் குழாய்களைப் பலர் வெறும் சட்டம் என்று நினைக்கிறார்கள். அவை திரிக்குக் காற்று கொண்டுபோகும் வழி. அதனால்தான் பலத்த காற்றிலும் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது.

பெட்ரோமாக்ஸ் என்ற பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு விசேஷ நாட்களில் மட்டும். அதில் வெளிச்சம் தருவது திரி இல்லை, மேண்டில் என்ற வலை. 1880களில் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் கண்டுபிடித்தது. முதல் தடவை ஏற்றும்போதே நூல் எரிந்து சாம்பல் வலையாகிவிடும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

படிக்க உட்கார்ந்தால் விளக்கை இடப்பக்கம் வைப்போம், இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் நோட்டில் விழும். எல்லாரும் படுத்த பிறகு பாட்டி திரியை இறக்கி, மிளகளவு சுடரை மட்டும் விட்டுவைப்பார். ராத்திரி எழுந்தால் கதவு எங்கே என்று தெரிய அது போதும்.