எது ஆதித் திருச்சபை? – வாசகர் கேள்விகள்

ஈரோட்டிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். என் மகளுக்குச் சோமனூர்ப் பக்கம் ஆர்.சி. மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. எல்லாம் பேசி முடிந்த நேரத்தில் பையனுடைய பெரியப்பா குறுக்கே வந்துவிட்டார். "எங்களுடையது ஏசுநாதரே பேதுரு கையில் கொடுத்த ஆதித் திருச்சபை. உங்களுடையது ஒரு ராஜா பெண்டாட்டியைத் தள்ளி வைப்பதற்காக ஆரம்பித்தது. பெண் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்" என்கிறார். அவர் சொல்வது சரியா? நீங்களும் ஆர்.சி. என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

பதில்: ஆமாங்க அம்மணி, ஆர்.சி.தான். அக்டோபர் வந்தால் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்குப் போகாமல் இருக்க முடியாத குடும்பம். கோவை மறைமாவட்டத்துக்கு அடிபோட்ட பிரெஞ்சுக்காரர் பிரெசிலாக் 1846ல் ஆயராக அபிஷேகம் பெற்றதே எங்கள் கருமத்தம்பட்டியில்தான் என்று நானும் பீற்றிக்கொள்வது உண்டு. அதனால் பெரியப்பாவின் பெருமை எனக்குப் புரியும். கணக்குத்தான் உதைக்கிறது.

கல்யாணம் நின்றுகொண்டிருப்பது ஞானஸ்நானத்தில். அதை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மகளுக்கு மறு ஞானஸ்நானம் வேண்டியதில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானம் எந்தச் சபையில் கொடுத்திருந்தாலும் செல்லும் என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. இது இன்று நேற்று வந்த தாராள மனசும் இல்லை. கி.பி. 255, 256 வாக்கில் இதே சண்டை நடந்திருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான், பிரிந்துபோனவர்களிடம் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நம்மிடம் வந்தால் முதலிலிருந்து கொடுக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் பக்கம் ஆப்பிரிக்க ஆயர்கள் 80 பேருக்கு மேல். தேவையில்லை, தலையில் கை வைத்து ஜெபித்துச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று எதிர்த்தவர் ரோமாபுரி ஆயர், அதாவது அன்றைய போப்பாண்டவர், ஸ்தேவான். சிப்ரியானும் லேசுப்பட்டவர் இல்லை, 258ல் தலை வெட்டுப்பட்டு வேதசாட்சியாக இறந்தவர். ஆனாலும் கடைசியில் நின்றது ரோமாபுரியின் கட்சிதான். ஆக, பேதுருவின் பெயரைச் சொல்லி மறு ஞானஸ்நானம் கேட்கிற பெரியப்பா, பேதுருவின் நாற்காலிக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள், சம்பந்தி வீட்டில் மனஸ்தாபம் வரும். அவருடைய பங்குச் சாமியாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ராஜா. எட்டாம் ஹென்றி 1534ல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் போட்டது வாஸ்தவம். ஆனால் ஈரோட்டு சி.எஸ்.ஐ.க்கு அவர் நேர்ப் பாட்டன் இல்லை. கொங்கு நாட்டுக்கு வந்தது லண்டன் மிஷன். 1795ல் தொடங்கி, 1830ல் கோவைக்கு வந்த சங்கம் அது. அதில் பெரும்பாலானவர்கள், ராஜாவின் சபையும் வேண்டாம், பேராயரும் வேண்டாம், அந்தந்த ஊர்ச் சபை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று இங்கிலாந்திலேயே விலகி நின்றவர்கள். உங்கள் ஊர் பிரப் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த பிரப் ஐயரும் லண்டன் மிஷன் ஆள்தான். 1908ல் இவர்கள் பிரஸ்பிட்டேரியன்காரர்களோடு கூடித் தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன் (அந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழி வந்தது), மெத்தடிஸ்ட் சபைகளும் சேர்ந்து சி.எஸ்.ஐ. பிறந்தபோதுதான் ஈரோட்டுக்காரர்களுக்குப் பேராயர் என்று ஒருவர் வந்தார். பெரியப்பா திட்டுவதாக இருந்தால் வேறு காரணம் தேடவேண்டும்.

இனி அசல் கேள்வி. நம் பக்கத்தில் ஒரு கூட்டம் (குலம்) காணியூரை, அதாவது பூர்வீக ஊரை, விட்டு வேறு ஊருக்குக் குடிபோனால், குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் கோயில் வைத்துக்கொள்ளும். நாலு தலைமுறை போனால் நாலு ஊரில் கோயில் இருக்கும், நாலு ஊர்ப் பூசாரியும் ஆதிக் கோயில் எங்களுடையது என்பார்கள். சரி, சண்டை வந்தால் காணியூருக்குப் போய்ப் பார்த்துவிடலாம். திருச்சபை விஷயத்தில் அந்தக் காணியூர்க் கோயிலே இல்லாமல் போய்விட்டது. அதுதான் சிக்கல்.

ஆதித் திருச்சபை என்றால் அது எருசலேம் சபை, வேறெதுவும் இல்லை. அதில் இருந்தவர்கள் யூதர்கள். அரமேயம் பேசினார்கள், தினமும் யூதர்களின் தேவாலயத்துக்குப் போனார்கள், வீடுகளில் அப்பம் பிட்டார்கள். ஆரம்பத்தில் முன்நின்று பேசியவர் பேதுரு. ஆனால் புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொள்ளவேண்டுமா என்ற பெரிய வழக்கு வந்தபோது, பேதுருவும் பவுலும் பேசிய பிறகு எழுந்து தீர்ப்புச் சொன்னவர் ஏசுநாதரின் சகோதரர் என்று அழைக்கப்பட்ட யாக்கோபு. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைப் பெரியப்பா வீட்டு வேதாகமத்திலேயே பார்க்கலாம். கி.பி. 70ல் ரோமானியர் தேவாலயத்தை இடித்தார்கள். 135ல் இன்னொரு கலகத்தை அடக்கிவிட்டு அத்ரியான் பேரரசன் யூதர் யாரும் அந்த நகரத்துக்குள் வரக்கூடாது என்று துரத்திவிட்டான். அதன்பிறகு எருசலேமில் இருந்த ஆயர்கள் எல்லாம் புறஜாதியார். இன்றைக்கு வத்திக்கானுக்குப் போனாலும் சரி, கிரேக்க நாட்டு ஆதோஸ் மலைத் துறவியர் மடங்களுக்குப் போனாலும் சரி, உங்கள் ஈரோட்டு ஆலயத்துக்கு வந்தாலும் சரி, யாக்கோபு கதவருகில் நின்று முழிப்பார்.

பிடிமண் எடுத்துப்போன ஊர்கள் அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, ரோமாபுரி, எபேசு என்று பல. கிறிஸ்தவர் என்ற பெயரே முதலில் அந்தியோக்கியாவில்தான் வந்தது. பேதுருவும் ரோமாபுரிக்கு முன்னால் அங்கே இருந்திருக்கிறார். அங்கே பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்த சங்கதி கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. அதனால் சிரியன் ஆர்த்தடாக்ஸ்காரர்களும் தங்கள் பிதாப்பிதா (தலைமை ஆயர்) பேதுருவின் சிம்மாசனத்தில் இருப்பதாகவே சொல்கிறார்கள். இன்றைக்கு அந்தியோக்கியாவின் பிதாப்பிதா என்ற பட்டத்தோடு ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் போப்பாண்டவரை ஏற்பவர்கள், இரண்டு பேர் ஏற்காதவர்கள். நம்மூர்ப் பங்காளிச் சண்டை தோற்றது போங்கள்.

ரோமாபுரியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பேதுருவும் பவுலும் உயிர் கொடுத்த ஊர் அது. 180 வாக்கில் லியோன் நகரத்து ஆயர் இரனேயு எழுதிய நூலில் பேதுரு, பவுலுக்குப் பிறகு லீனு என்று தொடங்கி அந்த ஊர் ஆயர்களின் வரிசையே இருக்கிறது. ஆனால் அதற்கு முந்திய சான்றுகள் கொஞ்சம் இடிக்கின்றன. 96 வாக்கில் ரோமாபுரியிலிருந்து கொரிந்துக்குப் போன கடிதம் ஒரு தனி ஆயர் பெயரில் போகவில்லை, சபையின் பெயரில் போயிருக்கிறது. அந்தியோக்கியா நகரத்து ஆயர் இஞ்ஞாசியார், ஆயருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஊர் ஊராக வலியுறுத்தி எழுதியவர். ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அந்த ஊர் ஆயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போப்பாண்டவர் விசுவாசம், ஒழுக்கம் பற்றி அதிகாரபூர்வமாகப் போதிக்கும்போது தவறமாட்டார் என்று முறைப்படி வரையறுத்தது 1870ல். விதை முதல் நூற்றாண்டில் இருந்தது என்று நான் நம்புகிறேன். மரம் அன்றே இந்த உயரம் இருந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்தது பொலிக்கார்ப்பு கதை. அப்போஸ்தலர் யோவானிடமே பாடம் கேட்டவர் என்று சொல்லப்படுகிற சிமிர்னா நகரத்து ஆயர். 155 வாக்கில், தள்ளாத வயதில், கடல் தாண்டி ரோமாபுரிக்கு வருகிறார். அப்போது அங்கே அனிசேத்து ஆயர். இருவருக்கும் சில விஷயத்தில் வழக்கு, முக்கியமாக உயிர்ப்பு விழா எந்த நாளில் என்பதில். யூதர்களின் நிசான் மாதம் 14ஆம் தேதி, அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி என்பது யோவான் காட்டிய வழி என்கிறார் கிழவர். எனக்கு முந்தின மூப்பர்களின் வழக்கத்தை நான் விடமுடியாது என்கிறார் அனிசேத்து. இவர் அவரை இணங்க வைக்கவும் முடியவில்லை, அவர் இவரை அசைக்கவும் முடியவில்லை. பேச்சு முறிந்தபின் நடந்ததைப் பாருங்கள். ரோமாபுரி ஆயர், தன் கோயிலிலேயே, தன் இடத்தை விட்டுக்கொடுத்து, பொலிக்கார்ப்பைப் பூசை செய்யச் சொல்கிறார். இருவரும் சமாதானமாகப் பிரிகிறார்கள். 190 வாக்கில் இன்னொரு ரோமாபுரி ஆயர் விக்டர் இதே தேதிச் சண்டைக்காகப் பொலிக்கார்ப்பு பக்கத்துச் சின்ன ஆசியாச் சபைகளைத் தள்ளி வைக்கக் கிளம்பினார். அப்போது இரனேயு எழுதிய கண்டனக் கடிதத்தில்தான் இந்தக் கதை வருகிறது. ஆதித் திருச்சபையின் சாயல் எங்கே என்று கேட்டால் எனக்கு அந்தப் பூசைதான் ஞாபகத்துக்கு வரும்.

பிறகு நடந்தவை தெரிந்ததுதான். 451ல் ஆயர்கள் கூடிய கல்சதோன் சங்கத்தை ஒட்டி எகிப்து, ஆர்மீனியா, சிரியாப் பக்கத்துச் சபைகள் விலகின. 1054ல் ரோமாபுரியும் கான்ஸ்டான்டிநோபிளும் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டன. அதைவிடப் பெரிய காயம் 1204ல் சிலுவைப்போர்க்காரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தது. இதைக் கிரேக்கர்கள் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. 1054 சாபத்தை 1965 டிசம்பர் 7 அன்று போப்பாண்டவர் ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா அத்தனகோராவும் சேர்ந்து நீக்கினார்கள். என் கட்சி இது: ஆதித் திருச்சபையின் தொடர்ச்சி ரோமாபுரியில் உண்டு, ஆனால் ரோமாபுரியில் மட்டும்தான் என்பது பெரியப்பாவின் ஆசை.

கல்யாணக் காரியம்: பையன் தன் ஆயரிடம் அனுமதி வாங்கவேண்டும், அது பங்குச் சாமியார் மூலம் போகும். உங்கள் ஆலயத்தில் தாலி கட்டுவதாக இருந்தால் அதற்குத் தனி விலக்கு வேண்டும், கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று பையன் வாக்குக் கொடுப்பான். பெண் எதுவும் வாக்குக் கொடுக்கவேண்டியதில்லை, ஆனால் அவளுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். இதை நிச்சயத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பேதுருவைப் பற்றிய சண்டை ஒரு பந்தியோடு முடியும், இது முடியாது.

கோவை ராமநாதபுரம் வாசகர் கேட்கிறார்: ஒரே கோவையில் இரண்டு கத்தோலிக்க ஆயர்கள் எப்படி? இருவரும் ஒரே போப்புக்குக் கீழ்ப்பட்டவர்கள்தானே?

பதில்: ஒரே போப், இரண்டு முறைமை. பெரிய கடைவீதி மிக்கேல் பேராலயத்து ஆயர் இலத்தீன் முறை. உங்கள் பகுதியில் இருப்பவர் சீரோ மலபார் முறை, அந்த மறைமாவட்டம் 2010ல் வந்தது. அப்போஸ்தலர் தோமாவின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வழி அது. போர்த்துகீசியர் வருவதற்கு முன்னால் அவர்களுக்கு ஆயர்கள் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தார்கள், வழிபாடு சீரிய மொழியில். அந்தப் பாரசீகச் சபை 431 எபேசு சங்கத்தையே ஏற்காதது. 1599 உதயம்பேரூர் கூட்டத்தில் போர்த்துகீசியர் அவர்களை இலத்தீன் வழக்கத்துக்கு இழுத்தார்கள். பொறுக்கமுடியாமல் 1653ல் மட்டாஞ்சேரியில், போர்த்துகீசியர் பக்கத்து இயேசு சபைக் குருக்களுக்குக் கீழ்ப்படியமாட்டோம் என்று கூனன் குரிசு சத்தியம் நடந்தது. அதற்குப்பின் ஒரு பகுதி ரோமாபுரியோடு நின்றது, இன்னொரு பகுதி அந்தியோக்கியா பக்கம் போனது. ஆக, கத்தோலிக்கம் என்றாலே இலத்தீன் பூசைதான் என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பகுதிக்கு வந்து பார்க்கலாம்.

திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர் கேட்கிறார்: எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ளபடியே எல்லாம் நடக்கிறது. பாரம்பரியம் எதற்கு? வேதம் போதாதா?

பதில்: தம்பி, உங்கள் சபையின் உற்சாகத்தை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் காலைப் பூசையில் பாதிப் பேர் கொட்டாவி விடுவதை நானே பார்க்கிறேன். ஆனால் வேதத்தின் அட்டவணையை யார் போட்டது? இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் வரிசையாகச் சொல்கிற பழைய பட்டியல் 367ல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய உயிர்ப்பு விழாக் கடிதத்தில் இருக்கிறது. அந்த அத்தனாசியு பூசை வைத்தவர், ஆயர் பட்டம் வாங்கியவர், துறவிகளைக் கொண்டாடியவர். அவர் தந்த பட்டியல் வேண்டும், அவர் வைத்த பூசை வேண்டாம் என்றால் அதற்குத் தனியாகக் காரணம் சொல்லவேண்டும். சொல்லமுடியாது என்று நான் சொல்லவில்லை. புரொட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் 1517லிருந்து அதைத்தான் சொல்லிப் பார்த்தார்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தோமா கி.பி. 52லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார். அப்படியானால் ரோமாபுரியைவிட நம்முடையதே பழைய திருச்சபை இல்லையா?

பதில்: 52 என்பது கேரளத்து மரபு. நல்ல, பழைய மரபு. வரக்கூடிய வழி இருந்ததா என்றால் தாராளமாக இருந்தது. முசிறியில் கப்பல் இறங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணல், கரூர் வரை வியாபாரப் பாதை. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் தோண்டக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் திபேரியுவின் காசும் உண்டு. ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டபோது அரியணையில் இருந்த அதே திபேரியுதான். காசு வந்த வழியில் ஆள் வந்திருக்கலாம். எழுத்தில் திடமாகக் கிடைப்பது ஆறாம் நூற்றாண்டு. கோஸ்மாஸ் என்ற வணிகர் மலபாரில் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதிவைத்திருக்கிறார். கல்லில் செம்பில் வேண்டுமென்றால் 849ஆம் ஆண்டில் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேடு. ரோமாபுரிச் சபையோ, 57 வாக்கில் பவுல் நிருபம் எழுதுவதற்கு முன்பே இருந்தது. ஆக, மூப்புப் பட்டத்துக்கு மனுப் போடுவதாக இருந்தால் ஐந்து வருஷ வித்தியாசத்தை நம்பிப் போடவேண்டியிருக்கும்.